ஒரே பக்கத்திற்குப் பல முகவரிகள்: அசல் எது என்று தேடல் இயந்திரத்திற்குச் சொல்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, மெயில் அனுப்பவும் தகவல் தேடவும் பழகிக் கொண்ட பின்னர் பலருக்கும் வரும் அடுத்த ஆசை, சொந்தமாக ஓர் இணைய தளம். சிலர் வலைப்பூ தொடங்குகின்றனர். சிலர் தங்கள் கடைக்கோ தொழிலுக்கோ நான்கைந்து பக்கங்களில் ஒரு தளம் அமைக்கின்றனர். தளம் தயாரானதும் முதல் வேலையாகக் கூகுளில் தேடிப் பார்க்கிறோம். குழப்பமும் அங்குதான் தொடங்குகிறது. "நான் கொடுத்த முகவரி ஒன்று, கூகுள் காட்டும் முகவரி வேறாக இருக்கிறதே?", "ஒரே பக்கம் மூன்று முகவரிகளில் திறக்கிறது, இது சரியா?", "இதற்குக் கூகுள் தண்டனை கொடுக்கும் என்கிறார்களே, உண்மையா?" என்றெல்லாம் என்னிடம் பலர் கேட்டிருக்கின்றனர்.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றிற்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் கெனானிக்கல் லிங்க். பெயர்தான் கடினமே தவிர, விஷயம் எளிது. ஒரே ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த வரி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து கொண்டு எழுத வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் உள்ள முகவரிகளையும் கட்டளை வரியையும் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்துகளிலேயே தந்துள்ளேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்திட வேண்டும். உங்கள்தளம்.காம் என்பது உதாரணத்துக்காக நான் வைத்துக் கொண்ட கற்பனைப் பெயர்.

முகவரி என்றால் என்ன?

நம் ஊரில் ஒருவர் பெயர் ரேஷன் கார்டில் "எஸ். ராமசாமி" என்று இருக்கும். வாக்காளர் அட்டையில் "ராமசாமி எஸ்" என்று இருக்கும். வங்கிக் கணக்கில் "ராமஸ்வாமி" என்று இருக்கும். தெருவில் உள்ள அனைவருக்கும் மூவரும் ஒருவரே என்று தெரியும். ஆனால் தாலுகா அலுவலகத்தில் காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று நபர்கள். இதில் எது சரியான பெயர் என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

தேடல் இயந்திரமும் அந்த அலுவலர் போலத்தான். அதற்கு இணைய முகவரி என்பது ஓர் எழுத்துத் தொடர். தொடரில் ஓர் எழுத்து மாறினாலும் அதனை வேறு ஒரு பக்கத்தின் முகவரியாகவே முதலில் எடுத்துக் கொள்ளும். பின்னர் உள்ளே சென்று படித்து, இரண்டிலும் இருப்பது ஒரே விஷயம் என்று கண்டுபிடிக்கும்.

ஒரு பக்கம் பல முகவரிகள் பெறுவது எப்படி?

நீங்கள் ஒரு முறைதான் பக்கத்தைத் தயார் செய்தீர்கள். ஆனாலும் கீழ்க்காணும் வழிகளில் அதற்குப் பல முகவரிகள் உருவாகி விடுகின்றன.

1. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ்: இரண்டாவதாக உள்ளது பாதுகாப்பான இணைப்பு. பல தளங்கள் இரண்டிலும் திறக்கும். 2018ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான குரோம் 68 பதிப்பிலிருந்து, பாதுகாப்பு இல்லாத தளங்களை அந்த பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று குறித்துக் காட்டத் தொடங்கியது. அதன் பின்னர் பலர் பாதுகாப்பான முகவரிக்கு மாறினர். ஆனால் பழைய முகவரியை மூட மறந்தனர்.

2. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ: இந்த மூன்று எழுத்துகள் முன்னால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்கு ஒன்றுதான். தேடல் இயந்திரத்திற்கு இவை இரண்டு தளங்கள்.

3. இண்டெக்ஸ் பக்கம்: உங்கள்தளம்.காம் என்று டைப் செய்தாலும், அதன் பின்னால் சாய்கோடு போட்டு இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று சேர்த்தாலும் அதே முகப்புப் பக்கம் வரும்.

4. கடைசிச் சாய்கோடு: உங்கள்தளம்.காம்/நூல்கள் என்பதும் உங்கள்தளம்.காம்/நூல்கள்/ என்பதும் வேறு வேறு. தளத்தின் பெயருக்கு நேர் பின்னால் வரும் முதல் சாய்கோட்டிற்கு மட்டும் இந்தப் பிரச்னை இல்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே.

5. பெரிய எழுத்து, சிறிய எழுத்து: தளத்தின் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் டைப் செய்தாலும் சரி. ஆனால் அதன் பின்னால் வரும் பகுதியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கருதப்படும்.

6. கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை: அதிக முகவரிகளைப் பெருக்குவது இதுதான். கடைத் தளங்களில் விலை வரிசைப்படி காட்டு, சிவப்பு நிறம் மட்டும் காட்டு என்று கிளிக் செய்திடும்போதெல்லாம் முகவரியின் முடிவில் கேள்விக்குறியும் சில சொற்களும் சேரும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் மற்றவர்கள் சேர்ப்பதுண்டு. பேஸ்புக்கில் ஒருவர் உங்கள் பக்கத்திற்கான லிங்க்கைக் கிளிக் செய்தால் எஃப்பிக்ளிக்ஐடி என்று தொடங்கும் நீண்ட வால் ஒன்று ஒட்டிக் கொண்டு வரும். 2018 முதல் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கிளிக்கிற்கும் வால் வேறு. அதனால் முகவரியும் வேறு.

7. அச்சுக்கான பக்கம், மொபைல் பக்கம்: அச்செடுக்கத் தனிப் பக்கம், போனுக்குத் தனிப் பக்கம் என்று வைத்திருந்தால் அவற்றிற்கும் தனித்தனி முகவரிகள் இருக்கும். பிளாக்கர் வலைப்பூவைப் போனில் திறந்தால் கடைசியில் எம்=1 என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

முதல் நான்கு வழிகளை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதுகாப்பு உண்டு அல்லது இல்லை; மூன்று எழுத்து உண்டு அல்லது இல்லை; இண்டெக்ஸ் உண்டு அல்லது இல்லை. முகப்புப் பக்கம் ஒன்றிற்கே இரண்டை மூன்று முறை பெருக்கி எட்டு முகவரிகள் ஆகிவிட்டன. உள்ளே இருக்கும் பக்கங்களுக்குக் கடைசிச் சாய்கோட்டினால் இதே போல் பெருக்கம் உண்டு.

குறுக்கும் நெடுக்குமான ஹேஷ் குறிக்குப் பின்னால் வருவதைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். அது ஒரே பக்கத்தினுள் எந்த இடத்திற்குச் செல்வது என்று பிரவுசருக்குச் சொல்வது. பொதுவாகத் தேடல் இயந்திரங்கள் அதனைத் தனி முகவரியாக எடுத்துக் கொள்வதில்லை.

இதனால் என்ன நஷ்டம்?

முதலில் ஒரு பயத்தைப் போக்கி விடுகிறேன். உங்கள் தளத்தில் ஒரே பக்கம் பல முகவரிகளில் இருப்பதற்காகக் கூகுள் தண்டனை எதுவும் தருவதில்லை. இதனை அந்த நிறுவனமே 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் விளக்கமாக அறிவித்தது. பிறர் எழுதியதைத் திருடிப் பக்கங்களை நிரப்பி ஏமாற்ற முயல்வது வேறு விஷயம்.

தண்டனை இல்லை என்றால் விட்டுவிடலாமா? கூடாது. நஷ்டங்கள் மூன்று.

முதலாவது, உங்கள் பக்கத்தின் மதிப்பு சிதறுகிறது. மற்ற தளங்கள் உங்கள் பக்கத்திற்கு எத்தனை லிங்க் கொடுக்கின்றன என்பது தேடல் வரிசையை முடிவு செய்யும் விஷயங்களில் ஒன்று. பத்துப் பேர் லிங்க் கொடுத்து, நால்வர் ஒரு முகவரிக்கும் அறுவர் வேறு முகவரிக்கும் கொடுத்திருந்தால் பத்து ஓட்டு இரண்டாகப் பிரிந்து போகலாம்.

இரண்டாவது, தேடல் இயந்திரத்தின் நேரம் வீணாகிறது. ஒவ்வொரு தளத்திலும் அது செலவிடும் நேரத்திற்கு ஓர் அளவு உண்டு. சிறிய தளங்களுக்கு இது பெரிய பிரச்னை இல்லை. ஆயிரக்கணக்கில் பொருட்களைக் காட்டும் கடைத் தளம் என்றால், ஒரே பக்கத்தையே பல முகவரிகளில் படித்துக் கொண்டிருந்துவிட்டு, புதிதாகச் சேர்த்த பொருளின் பக்கத்திற்குத் தாமதமாக வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் எது அசல் என்று சொல்லாவிட்டால், தேடல் இயந்திரம் தானாக ஒன்றைத் தேர்வு செய்து விடும். அது தேர்வு செய்வது நீங்கள் விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியாக இருக்கலாம். அச்சுப் பக்கமாகவும் இருக்கலாம். நாளை நீங்கள் மூடிவிடப் போகும் பழைய முகவரியாகவும் இருக்கலாம்.

கெனானிக்கல் லிங்க் வந்த கதை

இதே பிரச்னை பெரிய தளங்களுக்கும் இருந்தது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று போட்டி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு தீர்வை அறிவித்தன. பக்கத்தின் உள்ளே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் ஒரு வரி எழுதி வைத்தால், "இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இது" என்று மூன்று தேடல் இயந்திரங்களும் புரிந்து கொள்ளும் என்றன.

அதே ஆண்டு டிசம்பரில், வேறு ஒரு தளத்தில் உள்ள முகவரியையும் அசல் என்று சுட்டலாம் என்று கூகுள் அனுமதித்தது. 2011ஆம் ஆண்டு ஜூனில், பிடிஎஃப் போன்ற ஃபைல்களுக்கும் வழி பிறந்தது. அவற்றில் தலைப்பகுதி கிடையாது என்பதால், சர்வர் ஃபைலை அனுப்பும்போது அத்துடன் இந்தத் தகவலையும் சேர்த்து அனுப்பலாம். 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆர்எஃப்சி 6596 என்ற எண்ணுடன் இதற்கான இணைய ஆவணம் வெளியானது.

எழுதுவது எப்படி?

உங்கள் தளத்தின் பக்கங்களை நோட்பேடில் நீங்களே எழுதுபவராக இருந்தால் கீழ்க்காணும்படி செய்திடவும்.

1. முதலில் ஒரு முடிவு எடுங்கள். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியையே அசலாக வைத்துக் கொள்ளுங்கள். மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் தளம் முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

2. பக்கத்தின் ஃபைலை நோட்பேடில் திறக்கவும். ஹெட் என்று தொடங்கி ஹெட் என்று முடியும் பகுதியைக் கண்டுபிடிக்கவும்.

3. அதற்குள் புதிய வரி ஒன்றில் இவ்வாறு அமைக்கவும்:

<லிங்க் ரெல்="கெனானிக்கல்" எச்ரெஃப்="எச்டிடிபிஎஸ்://உங்கள்தளம்.காம்/நூல்கள்">

4. ஆங்கிலத்தில் டைப் செய்திடுகையில் ரெல் என்பதற்கு ஆர், இ, எல் என்ற மூன்று எழுத்துகள். எச்ரெஃப் என்பதற்கு எச், ஆர், இ, எஃப் என்ற நான்கு எழுத்துகள். கெனானிக்கல் என்பதில் சி, ஏ, என், ஓ, என், ஐ, சி, ஏ, எல் என ஒன்பது எழுத்துகள். நடுவில் வரும் என் இரண்டு இடங்களிலும் ஒற்றை எழுத்துதான். பலர் இரட்டையாகப் போட்டு விடுகின்றனர். அப்போது வரி வேலை செய்யாது.

5. முகவரியை எச்டிடிபிஎஸ் தொடங்கி முழுமையாகத் தரவும். சேவ் செய்து, சர்வரில் ஏற்றவும்.

அசல் பக்கத்திலும் இந்த வரியை எழுதி, அதே பக்கத்தின் முகவரியையே தரலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தரலாம், தருவதே நல்லது. முன்னர் சொன்ன பேஸ்புக் வாலை நினைவில் கொள்ளுங்கள். எந்த வால் ஒட்டிக் கொண்டு வந்தாலும் சர்வர் தருவது இதே ஃபைலைத்தான். ஃபைலின் உள்ளே அசல் முகவரி எழுதப்பட்டிருப்பதால், நீங்கள் கேள்விப்பட்டிராத வால்களுக்கும் சேர்த்து இந்த ஒரு வரி பதில் சொல்லி விடும்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துகிறீர்களா? 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 2.9 பதிப்பு முதல், தனிப் பதிவுகளுக்கும் பக்கங்களுக்கும் அதுவே இந்த வரியை எழுதி விடுகிறது. செட்டிங்ஸ் பிரிவில் ஜெனரல் என்பதைக் கிளிக் செய்து, அங்குள்ள இரண்டு முகவரிக் கட்டங்களிலும் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். முகப்பு, பிரிவுகள் போன்ற பட்டியல் பக்கங்களுக்கும் வேண்டும் என்றால் யோஸ்ட் போன்ற பிளக்இன் ஒன்றை நிறுவலாம்.

பிளாக்கரிலும் இந்த வரி தானாகவே வந்து விடுகிறது. போனில் வரும் எம்=1 பக்கத்திலும் அசல் முகவரியே சுட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட் என்பதை இயக்கி வைத்தால் போதும்.

கெனானிக்கலா, ரீடைரக்டா?

இந்த இரண்டையும் பலர் குழப்பிக் கொள்கின்றனர். ரீடைரக்ட் என்பது வீடு மாறியவர், பழைய வீட்டுக்கு வருபவரைக் கையைப் பிடித்துப் புது வீட்டில் கொண்டு போய் விடுவது. மனிதர் வந்தாலும் தேடல் இயந்திரம் வந்தாலும் நேராகப் புது முகவரிக்குத்தான் போக முடியும். பிரவுசரின் முகவரிக் கட்டத்திலும் புதிய முகவரியே தெரியும். நிரந்தர மாற்றத்திற்கு 301 என்ற எண்ணும், தற்காலிக மாற்றத்திற்கு 302 என்ற எண்ணும் பயன்படுகின்றன.

கெனானிக்கல் அப்படி இல்லை. இரண்டு வீடுகளும் திறந்தே இருக்கும். வாசலில் தேடல் இயந்திரம் மட்டும் படிக்கும்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மனிதர் கண்ணுக்கு அது தெரியாது. அந்தச் சீட்டும் கட்டளை அல்ல, வேண்டுகோள்தான். பலமான வேண்டுகோள் என்றாலும், மற்ற அடையாளங்கள் வேறு மாதிரி இருந்தால் கூகுள் அதனை ஏற்காமலும் விடலாம்.

ஆகவே என் ஆலோசனை இது. பழைய முகவரி இனி யாருக்கும் தேவையில்லை என்றால் 301 ரீடைரக்ட் செய்திடுங்கள். பாதுகாப்பற்ற முகவரி, மூன்று எழுத்து உள்ள அல்லது இல்லாத முகவரி ஆகியவற்றிற்கு இதுவே சரி. தளத்திற்கு இடம் தரும் நிறுவனத்தின் கண்ட்ரோல் பேனலில் இதற்கென வசதி இருக்கும். விலை வரிசை, அச்சுப் பக்கம் போல இரண்டு முகவரிகளும் மனிதருக்குத் தேவைப்படும் இடங்களில் கெனானிக்கல் பயன்படுத்துங்கள்.

பிளாக்ஸ்பாட் கற்றுத் தந்த பாடம்

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டு வலைப்பதிவர்கள் பலரும் கண்ட உதாரணம் ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூகுள், பிளாக்கர் வலைப்பூக்களைப் படிப்பவரின் நாட்டுக்கு ஏற்ற முகவரியில் காட்டத் தொடங்கியது. இந்தியாவில் இருந்து பார்த்தால் பிளாக்ஸ்பாட்.காம் என்பது பிளாக்ஸ்பாட்.இன் என்று மாறியது. ஒரு நாட்டின் சட்டப்படி ஒரு பக்கத்தை நீக்க வேண்டி வந்தால், அந்த நாட்டில் மட்டும் நீக்குவதற்கு வசதி என்பது காரணம்.

ஒவ்வொரு பதிவுக்கும் நாட்டுக்கு ஒரு முகவரி என்று ஆயிற்று. தேடலில் குழப்பம் வராதா? வராமல் இருக்கக் கூகுள் கையாண்ட வழி கெனானிக்கல்தான். எந்த நாட்டு முகவரியில் திறந்தாலும் உள்ளே அசலாகச் சுட்டப்பட்டது .காம் முகவரி.

தேடல் இயந்திரம் தப்பியது, மனிதர் தப்பவில்லை. இந்தியாவில் இருந்த பதிவரும் வாசகரும் பிரவுசரில் கண்டது .இன் முகவரியை. அதைத்தான் நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினர். பிற தளங்களில் லிங்க் கொடுத்தனர். முகவரியை வைத்து ஓட்டும் பின்னூட்டமும் எண்ணும் கருவிகளுக்கு .காம் ஒரு பதிவாகவும் .இன் வேறு பதிவாகவும் தெரிந்தன. முகவரியின் பின்னால் என்சிஆர் என்று சேர்த்தால் நாடு மாறாமல் .காம் முகவரியே வரும் என்ற வழியும் அப்போது தரப்பட்டிருந்தது. அது தெரிந்தவர்கள் அப்படியே பகிர்ந்தனர்.

2018ஆம் ஆண்டில் நாட்டு முகவரிக்கு மாற்றுவது நிறுத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டில் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரே கூகுளின் கையை விட்டுப் போய், வேறு ஒருவர் பெயரில் பதிவாகிவிட்டது. எட்டு ஆண்டுகளாக மெயிலிலும் பிற தளங்களிலும் கொடுக்கப்பட்டிருந்த .இன் லிங்க்குகள் வலைப்பூவுக்குக் கொண்டு செல்லாமல் போயின. பதிவுகள் .காம் முகவரியில் பத்திரமாக இருந்தன. கூகுளில் தேடியவருக்குக் கிடைத்தன. பழைய லிங்க்கைக் கிளிக் செய்தவருக்குக் கிடைக்கவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. கெனானிக்கல் தேடல் இயந்திரத்திற்கு அசலைச் சொல்லும். மனிதர் எதை நகலெடுப்பார் என்பதை மாற்றாது. இரண்டாவது, முகவரியின் பெயர் உங்கள் சொந்தப் பெயரில் பதிவாகி, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு இருந்தால்தான் அது நிலைக்கும்.

தமிழில் முகவரி வைப்போருக்கு

பதிவின் தலைப்பையே முகவரியில் தமிழில் வைக்கும் வசதி இன்று உண்டு. அதனை நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்களுமாக நீண்டு விடும். பயப்பட வேண்டாம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக எழுதப்படும். "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் இருப்பதால் அது 45 எழுத்துகளாக நீளும். ஆனாலும் இரண்டும் ஒரே முகவரிதான்.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக அமைக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு எழுத்துத் தொடர்கள். ஔவையார் என்பதில் முதல் எழுத்தை ஒரே எழுத்தாக டைப் செய்வதும், ஒகரமும் ளகரமுமாக டைப் செய்வதும் இப்படித்தான். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி போன்ற மென்பொருள்கள் முதல் வகை வேறுபாட்டைத் தாமாகவே சரி செய்து கொள்கின்றன. எல்லாத் தளங்களும் செய்வதில்லை. எனவே கெனானிக்கல் வரியில் தமிழ் முகவரியைத் திரும்ப டைப் செய்யாதீர்கள். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் இருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்திடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

எல்லாப் பக்கங்களிலும் முகப்பு முகவரியைத் தருவது: இதுதான் மிகவும் ஆபத்தானது. என் நண்பர் ஒருவர் பழைய புத்தகங்கள் விற்பவர். வடிவமைப்பாளர் ஒருவரிடம் பணம் கொடுத்துத் தளம் அமைத்தார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் இருந்தும், நூலின் பெயரைத் தேடினால் அவருடைய தளம் வருவதே இல்லை. என்னைப் பார்க்கச் சொன்னார். வடிவமைப்பாளர் முகப்புப் பக்கத்தை அச்சாக வைத்து மற்ற பக்கங்களைத் தயாரித்திருந்ததால், கெனானிக்கல் வரியும் அப்படியே எல்லாவற்றிலும் வந்திருந்தது. "நான் அசல் இல்லை, முகப்பே அசல்" என்று ஒவ்வொரு நூலின் பக்கமும் தேடல் இயந்திரத்திடம் சொல்லிக் கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் அதனதன் முகவரியை மாற்றினோம். சில வாரங்களில் நூல்களின் பக்கங்கள் தேடலில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இத்தகைய தவறைச் சில சமயம் கூகுள் தானே உணர்ந்து ஒதுக்கி விடும். ஆனால் அதை நம்பியிருக்க முடியாது.

ஒரு பக்கத்தில் இரண்டு வரிகள்: வார்ப்புரு ஒன்றும் பிளக்இன் ஒன்றும் சேர்ந்து இரண்டு வேறு முகவரிகளை அசல் என்று சொன்னால் எதை நம்புவது? இரண்டையும் புறக்கணிக்க நேரிடும்.

தவறான இடம்: வரி ஹெட் பகுதியில் இல்லாமல் பாடி பகுதியில் இருந்தால் பயனில்லை.

தொடர் பக்கங்கள்: ஒரு பட்டியல் ஐந்து பக்கங்களில் நீண்டால், இரண்டு முதல் ஐந்து வரை உள்ளவற்றிற்கு முதல் பக்கத்தை அசலாகத் தரக் கூடாது. அவற்றில் இருப்பது வேறு பொருட்கள். ஒவ்வொன்றிற்கும் அதன் முகவரியையே தரவும்.

உள்ளேயே முரண்பாடு: கெனானிக்கல் வரியில் எச்டிடிபிஎஸ் முகவரியைத் தந்துவிட்டு, தளத்தின் மெனுவிலும் சைட்மேப்பிலும் பழைய முகவரிகளையே வைத்திருப்பது. நீங்களே இரண்டு விதமாகப் பேசினால் தேடல் இயந்திரம் குழம்பத்தான் செய்யும்.

தடுத்துவிட்டுச் சுட்டுவது: ரோபோட்ஸ் ஃபைல் மூலம் ஒரு பக்கத்தைப் படிக்கவிடாமல் தடுத்துவிட்டால், அதனுள் எழுதிய கெனானிக்கல் வரியையும் படிக்க முடியாது.

உங்கள் கட்டுரையை வேறு ஒரு தளமும் அனுமதி பெற்று வெளியிடுகிறது என்றால்? அந்தத் தளம் தன் பக்கத்தில் உங்கள் முகவரியை அசலாகச் சுட்டுவது முன்னர் சொல்லப்பட்ட வழி. இரண்டு தளங்களின் பக்க அமைப்பும் வேறாக இருப்பதால் இது எப்போதும் பலிப்பதில்லை. 2023 முதல் கூகுள் தரும் ஆலோசனை, வெளியிடும் தளம் அந்தப் பக்கத்தை நோஇண்டெக்ஸ் என்று குறித்துத் தேடலில் சேராமல் வைக்கலாம் என்பது. அனுமதி கொடுக்கும்போதே இதனைக் கேட்டு வாங்குங்கள்.

சரி பார்ப்பது எப்படி?

உங்கள் பக்கத்தை பிரவுசரில் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் யு கீயை அழுத்துங்கள். பக்கத்தின் உள்வரிகள் தெரியும். பின்னர் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, கெனானிக்கல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். ஒரே ஒரு வரி கிடைக்க வேண்டும். அதில் உள்ள முகவரியை காப்பி செய்து புதிய டேப்பில் திறந்து பாருங்கள். அதே பக்கம் நேராகத் திறக்க வேண்டும். வேறு எங்கும் தாவக் கூடாது.

அடுத்து, கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்திடுங்கள். 2015ஆம் ஆண்டு வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது இதுவே. மேலே உள்ள கட்டத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைத் தந்து என்டர் தட்டுங்கள். பேஜ் இண்டெக்சிங் என்ற பகுதியை விரித்தால் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, நீங்கள் அறிவித்த கெனானிக்கல். மற்றொன்று, கூகுள் தேர்வு செய்த கெனானிக்கல். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. வேறாக இருந்தால் மேலே சொன்ன தவறுகளில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திருத்திய உடனேயே மாற்றம் தெரியாது. தேடல் இயந்திரம் மீண்டும் வந்து படிக்கச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம்.

இப்போதே உங்கள் தளத்தின் முகப்புப் பக்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். முன்னர் கணக்கிட்ட எட்டு முகவரிகளையும் ஒவ்வொன்றாக டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். எட்டும் கடைசியில் ஒரே முகவரியில் வந்து நிற்க வேண்டும். நிற்காதவற்றைக் குறித்து வைத்துக் கொண்டு, முதலில் ரீடைரக்ட், அடுத்து கெனானிக்கல் என்று சரி செய்திடுங்கள். அதன் பின்னர் விசிட்டிங் கார்டிலும், கடைப் பலகையிலும், நண்பருக்கு அனுப்பும் செய்தியிலும் அந்த ஒரே முகவரியை மட்டும் எழுதுங்கள்.